ஒரே உடம்பில் இரண்டு கறுப்புப் புண்கள்: வீட்டில் செய்த டிபிரைட்மென்ட் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

போனில் மகள் முதலில் சொன்னது புண்ணைப் பற்றி இல்லை, நாற்றத்தைப் பற்றி. "அப்பா ரூமுக்குள்ள யாரையும் விட முடியல சிஸ்டர். அவருக்கே தெரியுது. அதான் யாரையும் வரவேண்டாம்ங்கிறார்." புண் எவ்வளவு பெரியது என்று கேட்டேன். ஒரு கை அளவு என்றார். விரலோடு சேர்த்தா, விரல் இல்லாமலா என்று கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்துவிட்டு, "விரல் இல்லாம" என்றார். குதிகாலில் இன்னொன்று இருப்பதை அவர் சொல்லவே இல்லை. அது நாறவில்லை, வலிக்கவில்லை, அதனால் அவர் கணக்கில் வரவில்லை.

நான் வீடுகளுக்குப் போய்ப் புண் பராமரிப்பு செய்யும் நர்ஸ். செத்த திசுவை வெட்டி எடுக்க, அதாவது டிபிரைட்மென்ட் செய்ய, தனிப் பயிற்சி பெற்றவள். மருத்துவரின் எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் பிளேடைத் தொடுவதில்லை. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை இங்கே விட்டுவிட்டேன். புண்களையும் நான் செய்த தவறுகளையும் விடவில்லை.

நோயாளியின் நிலை

74 வயது ஆண். ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் செயலிழந்துவிட்டன. பேச்சு குழறும், ஆனால் புத்தி தெளிவு. இருபது வருடச் சர்க்கரை நோய். எடை 52 கிலோ, பக்கவாதத்துக்கு முன் 63 என்றார்கள். சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்தது. மலம் கட்டுப்பாட்டில் இல்லை. ஹீமோகுளோபின் 9.8. இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை, ஆஸ்பிரின் 75 மில்லிகிராம். காய்ச்சல் இல்லை, நாடித்துடிப்பு 88.

இரண்டுமே படுக்கையில் கிடப்பதால் வரும் அழுத்தப்புண்கள், படுக்கைப் புண் என்பார்களே, அதுதான். முதல் புண் முதுகின் அடியில், திரிக எலும்பின் மேல். நீளம் 7 செ.மீ., அகலம் 6. பாதிக்கு மேல் கறுப்பு, மீதி மஞ்சள் நிறத்தில் நூல் நூலாக ஒட்டிக் கிடந்த அழுகல். அந்தக் கறுப்பை விரலால் அழுத்தினால் நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் நொளநொளவென்றும் இருந்தது. கீழே ஏதோ உருகிக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சுற்றிலும் ஒரு செ.மீ. அகலத்துக்குச் சிவப்பு. ஓரத் தோலுக்கு அடியில் குச்சியை விட்டுப் பார்த்ததில், தலைப்பக்கத்தைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக் கொண்டால், பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை 2 செ.மீ. உள்ளே போனது. இந்தப் புண்களுக்கு ஆழத்தை வைத்து ஒன்று முதல் நான்கு வரை நிலை சொல்வோம். அடித்தளம் கண்ணுக்குத் தெரியாததால் இது எந்த நிலைப் புண் என்று சொல்ல முடியாது. நிலை கணிக்க இயலாதது என்று எழுதினேன். பலர் இந்த இடத்தில் குத்துமதிப்பாக மூன்றாம் நிலை என்று எழுதிவிடுகிறார்கள். மூடியைத் திறக்காமல் பானையின் ஆழத்தை எப்படிச் சொல்வது?

இரண்டாவது புண் இடது குதிகாலில், செயலிழந்த பக்கம். 3.5 க்கு 3 செ.மீ. முழுக்கக் கறுப்பு. தோல் செருப்பின் அடிப்பாகம் மாதிரிக் காய்ந்து, இறுகி, விளிம்பு சுற்றிலும் இம்மியும் தூக்காமல் ஒட்டியிருந்தது. சிவப்பு இல்லை, கசிவு இல்லை, அழுத்தினால் அமுங்கவில்லை.

பாதத்தின் மேல்புறம் நாடியைத் தேடினேன், கிடைக்கவில்லை. ரத்த ஓட்டத்தை ஓசையாகக் கேட்க வைக்கும் கையடக்க டாப்ளரை வைத்தால் ஒரே ஒரு ஓசை, மந்தமாக. ஆரோக்கியமான ரத்தக்குழாயில் அது இரண்டு மூன்று கட்டமாகத் துள்ளும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 1.42 வந்தது. வழக்கமாக 0.9 க்குக் கீழே போனால்தான் ரத்த ஓட்டம் குறைவு என்று கவலைப்படுவோம். அதை மட்டும் பார்த்தால் 1.42 அருமையான எண் என்று தோன்றும். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிக்கு இந்த எண் ஏமாற்றும். ரத்தக்குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப் போயிருக்கும், கட்டுப்பட்டை எவ்வளவு இறுக்கினாலும் நசுங்காது. 1.3, 1.4 என்று தாண்டினாலே அந்த அளவீட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கால் விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் சொல்லி ஏற்பாடு செய்து பார்த்ததில் விரல் அழுத்தம் 28 மி.மீ. பாதரசம். 30 க்குக் கீழே என்றால் அந்தப் பாதத்துக்குப் போகும் ரத்தம் மிக மோசமாகக் குறைந்துவிட்டது என்று பொருள். ரத்தக்குழாய் மருத்துவர் பார்த்தார். அடைப்பைத் திறக்கும் சிகிச்சையை அவருடைய உடல்நிலை தாங்காது என்று முடிவானது.

ஆக, ஒரே மனிதர், இரண்டு கறுப்பு. ஒன்றை எடுத்தாக வேண்டும், மற்றதைத் தொடக்கூடாது. முதுகில் இருக்கும் செத்த திசு கிருமிக்குத் தீனி, அதன் அடியில் சீழ் கட்டினாலும் தெரியாது. அது போகாமல் புதுச் சதை வளராது. குதிகாலில் இருக்கும் காய்ந்த பொருக்கோ இயற்கையே போட்ட கட்டு. அதைப் பிய்த்தால் ரத்த ஓட்டமில்லாத ஒரு திறந்த புண் கிடைக்கும், அது ஆறாது, கிருமி நேராக எலும்புக்குப் போகும். காய்ந்து நிலையாக இருக்கும் குதிகால் பொருக்கை அப்படியே விட வேண்டும் என்று அழுத்தப்புண் வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே சொல்கின்றன. ஆனால் வீட்டில் உள்ளவர்களுக்கு இரண்டும் ஒரே கறுப்புதான். இதைப் புரியவைக்க எனக்குப் பல வாரம் ஆனது.

ஏன் வீட்டில்?

அறுவை மருத்துவர் ஒருமுறை பார்த்திருந்தார். மயக்க மருந்து கொடுத்து ஒரே தடவையில் மொத்தத்தையும் வெட்டி எடுப்பது ஒரு வழி. இதயமும் நுரையீரலும் ஒத்துழைக்காது என்றார் மயக்க மருந்து நிபுணர். வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு போவது இன்னொரு வழி. அதில் போக, வர, காத்திருக்க என்று ஸ்ட்ரெச்சரில் மூன்று நான்கு மணி நேரம் அவர் படுத்திருப்பது அந்தப் புண்ணின் மேல்தான். சிகிச்சைக்குப் போகும் பயணமே நோயை வளர்க்கும்.

அதனால் மூன்றாவது வழி. வீட்டிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக, உயிருள்ள திசுவைத் தொடாமல் செத்ததை மட்டும் எடுப்பது. அறுவை அரங்கில் செய்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. அங்கே நல்ல சதை வரை போய், ரத்தம் துளிர்த்தால்தான் நிறுத்துவார்கள். இங்கே ரத்தம் துளிர்க்கும் எல்லைக்கு முன்பே நிறுத்த வேண்டும். அங்கே ஒரு மணி நேரத்தில் முடிவதற்கு இங்கே வாரக்கணக்கில் ஆகும்.

எந்த நிலை வந்தால் வீட்டில் தொடரக்கூடாது என்பதை ஆரம்பத்திலேயே மருத்துவரோடு உட்கார்ந்து எழுதி வைத்துக் கொண்டோம். காய்ச்சல், சிவப்பு 2 செ.மீ. தாண்டிப் பரவுவது, குழப்பமான பேச்சு, குச்சியில் எலும்பு தட்டுப்படுவது, பத்து பத்து நிமிடமாக இரண்டு முறை அழுத்தியும் நிற்காத ரத்தம். இவற்றில் ஒன்று வந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. யாரைக் கூப்பிட வேண்டும், எந்த வண்டி, மாடிப்படியில் எப்படி இறக்குவது என்பது வரை அந்தத் தாளில் இருந்தது.

முதலில் படுக்கை

பிளேடை எடுப்பதற்கு முன் ஒரு வாரம் படுக்கையோடு போராடினோம். புண் எதனால் வந்தது என்று தெரியாமல் சுத்தம் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. காரணம் எனக்கு இரண்டாவது நாள்தான் பிடிபட்டது. மதியம் போயிருந்தேன். கட்டிலின் தலைப்பக்கம் ஏறக்குறைய அறுபது டிகிரி உயர்த்தி, அவரைச் சாய்த்து உட்கார வைத்து டிவி போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அவர் கீழே சறுக்கிக் கொண்டே இருந்தார். மேல் தோல் படுக்கை விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் கீழே இறங்கும். நடுவில் இருக்கும் ரத்தக்குழாய்கள் இழுபட்டு முறுக்கிக் கொள்ளும். வெறும் அழுத்தத்தை விட இந்த இழுவிசை கொடுமையானது. தோலுக்கு அடியில் குழி விழுந்ததும் அதனால்தான்.

தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்றேன். டிவியைச் சுவரில் உயரமாக மாற்றினார்கள். காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தை வந்தது. பக்கவாட்டில் முழுக்கத் திருப்பாமல் 30 டிகிரி சாய்வு, இடமும் வலமும். குதிகால் காற்றில் தொங்கும்படி, கெண்டைக்கால் முழு நீளத்துக்கும் தலையணை, முழங்கால் லேசாக மடங்கியபடி. தலையணையைக் கணுக்காலுக்கு மட்டும் வைத்தால் குதிநாண் மேல் புதிதாக ஒரு புண் வரும்.

இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்புங்கள் என்று எழுதிக் கொடுப்பது சுலபம். அந்த வீட்டில் இரவில் மகள் ஒருத்திதான். பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவில் அந்த மெத்தையோடு நான்கு மணிக்கு ஒருமுறை என்று பேசி முடித்தோம். நடக்காத அட்டவணையைவிட நடக்கிற அட்டவணை மேல். புரதத்துக்கும் கணக்குப் போட்டோம். கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் என்றால் இவருக்கு ஒரு நாளைக்கு 65 முதல் 78 கிராம். சிறுநீரகம் ஒத்துக் கொள்ளும் என்று மருத்துவர் உறுதி சொன்ன பிறகுதான் அதை ஆரம்பித்தோம்.

ஊறவைத்தல்

கெட்டியான கறுப்பை நேரடியாக வெட்டக் கூடாது. அதன் மேல் பிளேடால் கட்டம் கட்டமாக மெல்லக் கீறிவிட்டு, ஹைட்ரோஜெல் தடவி, மேலே ஒட்டுப்படலம் போட்டு மூடினேன். ஈரத்தில் ஊறும்போது உடம்பின் நொதிகளே செத்த திசுவை உருக்கும். புண் ஈரமாக இருந்தால் வேகமாக ஆறும் என்று ஜார்ஜ் வின்டர் 1962 இல் பன்றிகளின் தோலில் செய்து காட்டினார். அதற்கு முன்பு வரை புண்ணைக் காயவிடுவதுதான் வைத்தியம். இன்றும் பாதி வீடுகளில் அப்படித்தான்.

மூன்று நாள் கழித்துத் திறந்தால் நாற்றம் கூடும், பழுப்பாக நீர் வடியும், சீழ் மாதிரியே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். இருந்தும் இரண்டாம் நாள் இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது. காய்ச்சல் இருக்கிறதா, சிவப்பு பேனாக்கோட்டைத் தாண்டியதா என்று கேட்டேன். இரண்டும் இல்லை. சரி, காலையில் வருகிறேன் என்றேன். சிவப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வைக்கும் இந்தப் பழக்கம் ராத்திரிப் போன்களில் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது, என் தூக்கத்தையும் சேர்த்து.

நாற்றத்தை வைத்து ஒன்று சொல்ல வேண்டும். கட்டைப் பிரித்தவுடன் வரும் நாற்றத்தை நம்பக் கூடாது. புண்ணை நார்மல் சலைனில் நன்றாகக் கழுவிய பிறகும் நாறினால்தான் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். 35 மி.லி. சிரிஞ்சில் 19 கேஜ் ஊசி மாட்டிப் பீய்ச்சினால் சுமார் 8 பி.எஸ்.ஐ. அழுத்தம் கிடைக்கும். அழுக்கு போகும், திசு அடிபடாது. ஊசி மாட்டாத சிரிஞ்சால் மெதுவாக ஊற்றினால் தண்ணீர் வீணாவதுதான் மிச்சம்.

முதல் வெட்டு

வலி மாத்திரை நாற்பத்தைந்து நிமிடம் முன்பே. லிக்னோகெய்ன் ஜெல் தடவி இருபது நிமிடம் காத்திருப்பு. கட்டிலை என் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக் கொண்டேன். வீடுகளில் பாதித் தவறு முதுகு வலியால் வருவது, குனிந்தே நின்றால் இருபதாவது நிமிடத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும். மீதித் தவறு வெளிச்சம் இல்லாததால். டியூப்லைட் வெளிச்சத்தில் மஞ்சள் அழுகலும் நல்ல கொழுப்பும் ஒரே நிறம், அதனால் நெற்றியில் கட்டும் விளக்கு இல்லாமல் நான் போவதில்லை.

ஐயாவிடம் ஒரு ஒப்பந்தம் செய்து கொண்டேன். வலது கையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்துவேன், ஏன் என்று கேட்க மாட்டேன். அவர் குழறலாக, "சும்மா தூக்கிப் பார்த்தா?" என்றார். அப்போதும் நிறுத்துவேன் என்றேன். ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே தூக்கினார். நிறுத்தினேன். சிரித்துவிட்டு இறக்கிக் கொண்டார். அதற்குப் பிறகு அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் தூக்கினார், அது நிஜம்.

வேலை இப்படிப் போகும். பல் வைத்த இடுக்கியால் செத்த திசுவின் தளர்ந்த ஓரத்தைப் பிடித்து மெதுவாக மேலே இழுக்க வேண்டும். கூடாரத் துணியைத் தூக்கினால் கயிறுகள் தெரிகிற மாதிரி, அடியில் ஒட்டிக் கொண்டிருக்கும் இழைகள் தெரியும். 15 ஆம் எண் பிளேடைப் புண்ணின் அடித்தளத்துக்கு இணையாகப் படுக்க வைத்து, அந்த இழைகளை மட்டும் அறுக்க வேண்டும். பிளேடின் முனை ஒருபோதும் கீழ்நோக்கிப் போகக்கூடாது. இழுக்கும்போது வராதது இன்றைக்கு வரத் தயாரில்லை. விட்டுவிட்டு அடுத்த இடம். வளைந்த கத்தரியால் நூல் மாதிரித் தொங்குவதை நறுக்கிக் கொள்ளலாம்.

பார்த்துப் பழக வேண்டியது நிறங்கள். அழுகல் மஞ்சளாக, மங்கலாக, பிடித்தால் நைந்து வரும். நல்ல கொழுப்பும் மஞ்சள்தான், ஆனால் முத்து முத்தாகப் பளபளக்கும். தசைநாண் வெள்ளையாக, ஈரப் பட்டு போல மின்னும், நீளவாக்கில் கோடு தெரியும், இழுத்தால் நையாது. அது தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். ஒன்றை என்னவென்று அடையாளம் காண முடியவில்லையா, அதை வெட்டக் கூடாது. இதற்கு விதிவிலக்கு எதையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

இருபத்தைந்து நிமிடத்தில் நிறுத்தினேன். கறுப்பில் பெரும்பகுதியும் மஞ்சளில் கால்வாசியும் வந்திருந்தன. வலப்பக்க மூலையில் தசை தெரிந்தது, எலும்பு தட்டவில்லை. நிலை இப்போது சொல்லலாம், நான்கு. புண் ஆறி மேலே வரும்போது மூன்று, இரண்டு என்று எண்ணைக் குறைத்துக் கொண்டு போகக்கூடாது, கடைசி வரை அது ஆறிவரும் நான்காம் நிலைதான். இழந்த தசை திரும்பி வருவதில்லை, அந்த இடத்தை வேறு திசு நிரப்புகிறது, அவ்வளவே.

அளந்தேன். 7.5 க்கு 6.5, ஆழம் 2. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், போன வாரம் இவ்வளவு பெரிசா இல்லையே" என்றார். குரலில் குற்றச்சாட்டு இருந்தது. நியாயம்தான், வெட்டிய பிறகு எல்லாப் புண்ணும் பெரிதாகத்தான் தெரியும். ஏற்கெனவே இருந்த பள்ளத்தின் மேலிருந்த மூடியை எடுத்திருக்கிறோம். முந்தைய நாள் படத்தையும் அன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இதை முதல் வெட்டுக்கு முன்பே சொல்லியிருந்தேன், ஆனால் சொல்வது வேறு, அப்பாவின் முதுகில் பள்ளத்தைப் பார்ப்பது வேறு.

வெட்டிய அன்றே கிருமிநாசினி உள்ள கட்டுப் போட்டேன். புண்ணின் மேல் கிருமிகள் கட்டிக் கொள்ளும் பிசின் படலம் வெட்டும்போது கலைகிறது, ஆனால் ஓரிரு நாளிலேயே மறுபடி கூடு கட்ட ஆரம்பித்துவிடும். மருந்து வேலை செய்யக் கிடைக்கும் ஜன்னல் அந்த இரண்டு நாள்தான். பிளேடு கடினமான கூர்மைப்பெட்டிக்குள், எடுத்த திசு மூடி முத்திரையிட்ட பையில், இரண்டும் என்னோடு திரும்பி வந்துவிடும். வீட்டுக் குப்பையில் ஒரு ஊசிகூட விடுவதில்லை.

கேட்காத கேள்வி

மூன்றாவது அமர்வில் ரத்தம் வந்தது. இடப்பக்கக் குழியோரம் மெல்லிய இழை ஒன்றை அறுத்தேன், அடியிலிருந்து ஊற ஆரம்பித்தது. பீய்ச்சவில்லை, ஊற்றுத் தண்ணீர் மாதிரி சலசலவென்று வந்து குழியை நிரப்பியது. காஸை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டே பத்து நிமிடம் அழுத்தினேன். நடுவில் தூக்கிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்தும் கசிவு இருந்தது. ரத்தம் உறைய உதவும் கால்சியம் ஆல்ஜினேட் கட்டை வைத்து இன்னொரு பத்து நிமிடம். எங்கள் தாளில் இருந்த எல்லை அதுதான். பதினெட்டாவது நிமிடத்தில் நின்றது. அந்தப் பதினெட்டு நிமிடமும் மகள் கையில் போனோடு வாசலில் நின்றிருந்தார்.

ஆஸ்பிரினுக்கு இவ்வளவு வராதே என்று மாத்திரை டப்பாவைக் கேட்டேன். அதில் புதிதாக க்ளோபிடோக்ரெல் அட்டை ஒன்று இருந்தது, ஆஸ்பிரின் போலவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை. நான்கு நாள் முன்பு ஒரு இரவு வலது கை கொஞ்ச நேரம் மரத்துப் போயிருக்கிறது. மருத்துவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவர் மூன்று வாரத்துக்கு அதையும் சேர்த்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அது கைக்குக் கொடுத்தது சிஸ்டர், புண்ணுக்கு சம்பந்தம் இல்லன்னு நினைச்சேன்."

தவறு அவருடையது இல்லை. மருந்துகளைப் பற்றி முதல் நாள் முறையாகக் கேட்டு, அழகாகப் பட்டியல் போட்டு, கோப்பில் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு முறையும், வெட்டுவதற்கு முன், "மருந்து ஏதாவது மாறியிருக்கா?" என்று வாயால் கேட்பதோடு நிற்பதில்லை, டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி அட்டைகளைக் கண்ணால் பார்க்கிறேன்.

மருத்துவரிடம் பேசினேன். மாத்திரையை நிறுத்த முடியாது, பக்கவாதம் வந்த மனிதர். நிறுத்த வேண்டியது பிளேடை. அந்த மூன்று வாரமும் கொலாஜினேஸ் களிம்புக்கு மாறினோம். செத்த கொலாஜனை மட்டும் அறுக்கும் நொதி அது. வேகம் குறைவு, ரத்தம் வராது. தினமும் ஒரு தடவை, இரண்டு மி.மீ. கனத்துக்கு. இதை மகளே போடப் பழகிக் கொண்டார்.

பத்து நாளாகியும் ஒன்றும் நகரவில்லை. அழுகல் குறையவில்லை என்பதோடு, வெண்மையாக ஒரு புது ஏடு வேறு படிந்திருந்தது. நொதி தோற்றுவிட்டது என்று எழுதப் போனேன். அப்புறம் அந்த ஏட்டை ஈரக் காஸால் துடைத்தேன், வந்துவிட்டது. அழுகல் அப்படி வராது. விசாரித்தால், தீப்புண்ணுக்கு வாங்கிய சில்வர் க்ரீம் யாரோ கொடுத்து, "சேர்த்துப் போட்டா சீக்கிரம் ஆறும்" என்று சொல்லியிருக்கிறார்கள். சில்வர் சல்ஃபாடயசீன் புண்ணின் கசிவோடு கலந்து பொய்ப் பொருக்கு ஒன்றை உண்டாக்கும். அதைவிட மோசம், வெள்ளி அயனிகள் கொலாஜினேஸைச் செயலிழக்கச் செய்யும். நல்ல மருந்து இரண்டு சேர்ந்து ஒன்றுமில்லாமல் போனது. க்ரீமை நிறுத்தினோம், அடுத்த எட்டு நாளில் மஞ்சள் பாதியாகக் குறைந்தது. நான் அவரைத் திட்டவில்லை. அப்பாவுக்காக இன்னும் கொஞ்சம் ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில் தடவியது அது.

உள்ளே 1

ஆறாவது வாரத்துக்குப் பின் க்ளோபிடோக்ரெல் முடிந்து, மீண்டும் இரண்டு குட்டி அமர்வுகள். ஒவ்வொன்றும் பத்து நிமிடம்கூட இல்லை. எட்டாவது வார முடிவில் அடித்தளத்தில் பத்தில் ஒன்பது பங்கு புதுச் சதை, மாதுளை முத்து மாதிரி ஈரச் சிவப்பு. பிளேடு வேலை அத்தோடு முடிந்தது.

மீதி எல்லாம் கட்டு வேலை. மேல் ஓரத்துக் குழியை லேசாக நிரப்ப வேண்டும். திணிக்கக் கூடாது, திணித்தால் உள்ளிருந்தே அழுத்தம். துண்டு துண்டாக வைக்காமல் ஒரே நீள ரிப்பனாக வைத்து, வால் வெளியே தெரியும்படி விடுவேன். மேலே ஒட்டும் டேப்பில் "உள்ளே 1" என்று பேனாவால் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். நடு நாட்களில் மகள் மாற்றும்போது ஒன்று வெளியே வந்ததா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் புதிதாக வைப்பார். மாதக்கணக்கில் ஆறாத குழியிலிருந்து பழைய காஸ் துண்டு வருவதை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். ஆசனவாய்ப் பக்கம் ஃபோம் கட்டின் ஓரம் உரிந்து மலம் உள்ளே போவதுதான் தினசரிச் சண்டை. ஒட்டும் பக்கத்தைச் சின்னதாக வெட்டி மடிப்புக்குள் படிய வைத்த பிறகு அது இரண்டு நாள் தாங்க ஆரம்பித்தது.

பன்னிரண்டாவது வாரம் 4.2 க்கு 3.5, ஆழம் 0.8. வெட்டிய அன்றிருந்த பரப்போடு ஒப்பிட்டால் 70 சதவீதம் சுருங்கியிருந்தது. இருபதாவது வாரம் 2 க்கு 1.5, ஆழம் என்று சொல்ல ஒன்றுமில்லை. முழுக்க மூடவில்லை. எடை 55 ஆகியிருந்தது. அறையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

குதிகால்

இந்த ஐந்து மாதமும் ஒவ்வொரு வருகையிலும் குதிகாலைப் பார்த்தேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன், அமுங்குகிறதா. விளிம்பைச் சுற்றி விளக்கடித்துப் பார்ப்பேன், சிவப்போ கசிவோ இருக்கிறதா. முகர்ந்தும் பார்ப்பேன். போவிடோன் அயோடின் தடவிக் காய விடுவேன். அயோடினும் காய வைப்பதும் முதுகுக்கு வேண்டாம் என்று நானே சொன்னவள், காலுக்கு அதையே செய்வதைப் பார்த்து மகளுக்குக் குழப்பம். முதுகு நன்றாகி வர வர அந்தக் குழப்பம் கோரிக்கையாக மாறியது. "இங்க இவ்வளவு நல்லா எடுத்தீங்களே, இதையும் எடுத்துடுங்க சிஸ்டர். ஒரே தடவைல முடிஞ்சிடும்ல."

டாப்ளரை அவர் காதிலேயே வைத்துக் கேட்க வைத்தேன். முதலில் அவருடைய சொந்தக் கணுக்கால், துள்ளும் ஓசை. அப்புறம் அப்பாவின் வலது கை. கடைசியாக அப்பாவின் இடது பாதம். கொஞ்ச நேரம் வைத்துக் கொண்டிருந்துவிட்டு, "ஓட்டமே இல்லையே" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஒருமுறை பதினான்காவது வாரத்தில் பொருக்கின் கீழ் விளிம்பு 3 மி.மீ. தானாகத் தூக்கியிருந்தது. அடியில் ஈரமில்லை. தூக்கிய விளிம்பு விரிப்பில் மாட்டி இழுபடாமல் இருக்க, தூக்கிய அளவுக்கு மட்டும் கத்தரியால் நறுக்கினேன். ஐந்து மாதத்தில் அந்தக் காலில் நான் கருவி வைத்தது அந்த ஒரு தடவைதான். அது ஈரமானால், மெத்தென்று ஆனால், சிவந்தால், அன்றைக்கே ரத்தக்குழாய் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று தாளில் இருந்தது. கூப்பிட வேண்டி வரவில்லை.

கடைசியாகப் போன அன்று முதுகுக் கட்டை மகளே மாற்றினார், நான் பார்த்துக் கொண்டிருந்தேன். ரிப்பன் இனித் தேவையில்லை என்பதால் டேப்பில் "உள்ளே 0" என்று எழுதினார். தேவையில்லாத சுழியம்தான், ஆனால் பழக்கம். பிறகு போர்வையை விலக்கிக் குதிகாலைக் காட்டினார். 3.4 க்கு 2.9, காய்ந்து, கறுப்பாக, அப்படியே. ஐயா வலது கையைத் தூக்கினார். நான் இன்னும் தொடவே இல்லை என்றேன். தெரியும் என்றார்.